ஒண்ணுமே கேக்கல

பதினொன்று நாற்பதுக்கு ஸியோனேயிடமிருந்து போன் வந்தது.

வானொலி நிலையத்துக் கணினியில் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது, நிறுத்தினாலும் நிற்க மாட்டேன் என்கிறது, பன்னிரண்டு மணிக்குத் துக்கச் செய்தி வாசித்தாக வேண்டும், கொஞ்சம் வந்து பார்க்க முடியுமா என்று கேட்டாள். நான் டெட்ஸா சந்தையில் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே நின்றிருந்தேன். சனிக்கிழமை வீட்டில் ஐம்பது பேராவது சாப்பிடுவார்கள்.

"என்ன ஓடுது?" என்றேன்.

"ஒரு பச்சைப் பட்டை அண்ணே. இடது பக்கத்துலேருந்து வலது பக்கமா நகருது. முக்கால்வாசி தாண்டிடுச்சு."

கையிலிருந்த கிழங்கைக் கீழே வைத்தேன். அந்தப் பச்சைப் பட்டையை வரைந்தவனே நான்தான். அது ஒரே ஒரு வேலைக்கு மட்டும்தான் வரும்.

எதையும் தொடாதே என்று சொல்லிவிட்டு, கிடைத்த சைக்கிள் டாக்ஸியில் ஏறினேன். பாதி மேட்டில் சைக்கிள் நின்றுவிட்டது. "ஏத்தத்துல இறங்கித்தான் நடக்கணும் மாப்ள, வண்டிக்கும் நெஞ்சு அடைக்கும்ல" என்றான் ஓட்டியவன். நான் நடக்கவில்லை. ஜூன் மாதக் குளிரில், பைன் மரங்களுக்கு நடுவே, அலினாஃபேயின் பெயரைச் சொல்லிக்கொண்டே ஓடினேன்.

அலினாஃபே என் மனைவி. இறந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது.

எங்கள் ம்பெப்போ வானொலி என்பது மூன்று அறை, ஒரு கோபுரம், ஒரு கணினி. மேலாளரிடம் ஒரு மடிக்கணினி உண்டு. அன்றைக்கு அது அவரோடு லிலோங்வே போயிருந்தது. பிப்ரவரி இடியில் மிக்ஸிங் போர்டு கருகிப்போனதிலிருந்து, மைக்கில் பேசுகிற குரல் அந்த ஒரே கணினிக்குள் போய், அங்கே வன்தட்டில் பதிந்து, பிறகுதான் கோபுரத்துக்கு ஏறும். அப்படிக் கட்டியதும் நான்தான்.

கணினியில் ஓடுவது லினக்ஸ். அதன் மெனுவில் இருந்த ஆங்கிலப் பெயர்களைப் பார்த்து எல்லோரும் பயந்தார்கள். பெயர்களை எங்கள் செவா பாஷைக்கு மாற்றினேன். ஜம்புலா என்றால் பதிவு செய். இம்பா என்றால் பாட்டுப் போடு. செஸா என்றால் பெருக்கு.

செஸா மட்டும் கொஞ்சம் விசேஷம். இந்த மாதிரிக் கணினியில், உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள் வேறு, சொந்தக்காரன் வேறு. சொந்தக்காரனுக்கு நிர்வாகி என்று பெயர். மெனுவில் சில கட்டளைகளை நிர்வாகியின் பெயரில்தான் ஓட்ட முடியும். அமுக்கியதும் ஒரு சின்னப் பெட்டி வந்து கடவுச்சொல் கேட்கும். சொல் தப்பினால் இம்மியும் நகராது. அந்தச் சின்னப் பெட்டிதான் வாசலில் நிற்கும் காவல்காரன்.

செஸாவை அமுக்கினால் அறுபது நாளுக்கு மேல் பழசான பதிவுகள் எல்லாம் அழியும். அத்தோடு நிற்காது. சாதாரணமாகக் கணினி அழிப்பது என்பது, புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழித்துப் போடுவது. பக்கங்கள் உள்ளே அப்படியே இருக்கும், தேடத் தெரிந்தவன் தேடினால் கிடைக்கும். என் செஸா ஒவ்வொரு பக்கமாகத் தாரும் பூசும். தார் எவ்வளவு தூரம் பூசியாயிற்று என்று காட்டுவதுதான் பச்சைப் பட்டை.

தார் பூசச் சொன்னவள் அலினாஃபே. இரண்டு வருடத்துக்கு முன் நிலையத்தின் பழைய தட்டு ஒன்று பழுது பார்க்கப் போனது. கணவன் அடித்த கதையை ஒரு பெண் எங்கள் மகளிர் நிகழ்ச்சியில் ரகசியமாகச் சொல்லி அழுதது அதில் இருந்தது. அழித்துத்தான் கொடுத்தோம். எவனோ தோண்டி எடுத்து, சாராயக் கடையில் போட்டுக் காட்டிச் சிரித்தான். அந்தப் பெண் ஊரை விட்டே போய்விட்டாள். அன்றைக்கு அலினாஃபே என்னிடம், "பெருக்குறதுன்னா சுத்தமாப் பெருக்கு. மூலையில குப்பை விட்டுட்டு வராதே" என்றாள். விடவில்லை.

சரி, காவல்காரன் எங்கே போனான் என்று கேட்பீர்கள். அவனை அனுப்பி வைத்ததும் நான்தான்.

அலினாஃபேக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், லிலோங்வே ஆஸ்பத்திரியில் பதினொரு வாரம் கிடந்தாள். நான் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்தேன். நிலையத்தில் தட்டு நிரம்பும்போதெல்லாம் போன் வரும். செஸா கடவுச்சொல் கேட்கிறது, என்ன போடுவது. விளையாட்டுச் செய்தி வாசிக்கும் பென்சனுக்கு ஒரு தடவை சொன்னால் ஏறாது. தாளில் எழுதி வைப்பான். தாளைத் தொலைப்பான்.

ஒரு சாயங்காலம் அவள் என் விரலைப் பிடித்து, "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். போன் அடித்தது. வராந்தாவுக்குப் போய் எடுத்தேன்.

"முதல் எழுத்து எம் சொன்னீங்களே, அது பெரிய எம்மா, சின்ன எம்மா?" என்றான் பென்சன்.

பெரிய எம்.

"அப்புறம் எட்டு. எட்டுன்னா எழுத்துல எட்டா, நம்பர் எட்டா?"

நான்கு நிமிடம் ஆனது. திரும்பி வந்தபோது அவள் தூங்கியிருந்தாள். காலையில் கேட்டேன். "என்ன சொல்ல வந்தேன்னு எனக்கே மறந்துபோச்சு" என்று சிரித்தாள். நிஜமாக மறந்ததா, சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டாளா, தெரியாது. பிறகு கேட்கவும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மினிபஸ் பிடித்து டெட்ஸா வந்தேன். கணினிக்கு ஒரே ஒரு வரி எழுதினேன். செஸாவுக்கு மட்டும் கடவுச்சொல் கேட்காதே. நிர்வாகியின் அதிகாரம் முழுசாக இருக்கட்டும், கேள்வி மட்டும் வேண்டாம். ராத்திரிக்குள் ஆஸ்பத்திரி திரும்பிவிட்டேன்.

செய்ததைச் சொன்னதும் அலினாஃபே, "வீட்டுக் கதவைக் கழட்டி வச்சிட்டா வந்திருக்கே?" என்றாள்.

"நாய் குலைக்காம இருந்தாத்தானே தூங்க முடியும்" என்றேன்.

அதன் பிறகு போன் வரவில்லை. மூன்று வாரம் அவள் பக்கத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். அந்த மூன்று வாரத்துக்கு அப்புறம் அவள் இல்லை.

நிலையத்து வாசலில், பெஞ்சில், ஒரு ஆள் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கால்சட்டையில் முட்டி வரை சேறு. நான் அவரைத் தாண்டி உள்ளே ஓடினேன்.

ஸியோனே நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தாள். வேலைக்குச் சேர்ந்து மூன்றே வாரம் ஆன பெண், வயது இருபத்தொன்று. கையில் ஒரு தாள். அதை எழுதியவன் நான்.

திரையில் பச்சைப் பட்டை தொண்ணூற்று மூன்றில் இருந்தது. நிர்வாகியாக உள்ளே போய்க் கட்டளையை வெட்டினேன். பட்டை நின்றது. பிறகு அலினாஃபேயின் பெயரிட்ட கோப்புறையைத் திறந்தேன்.

காலி.

அதில் அறுநூற்றுப் பன்னிரண்டு பதிவுகள் இருந்தன. ஐந்து வருடம் தினமும் பன்னிரண்டு மணிக்கு இந்த மாவட்டத்தின் சாவுகளை வாசித்தவள் அவள். தப்பாகப் போச்சு என்று தோன்றிய நாளின் வாசிப்பை எல்லாம் தன் பெயரில் எடுத்து வைத்து, மறுநாள் போட்டுக் கேட்பாள். இறந்தவரின் பெயரை இரண்டு தடவை சொல்வது அவள் வழக்கம். முதல் தடவை தெரிந்தவர்களுக்கு, இரண்டாம் தடவை நம்பாதவர்களுக்கு என்பாள். அவள் போன பிறகு அந்தப் பதிவுகளைப் பொதுத் தட்டுக்கு மாற்றிப் பூட்டினேன். நிர்வாகி தவிர வேறு யாரும் அழிக்க முடியாதபடி பூட்டு. பென்சன் கை தவறினாலும் பயமில்லை என்று நினைத்தேன். செஸா நிர்வாகியின் பெயரிலேயே ஓடுகிறது என்பது அப்போது மனதில் வரவில்லை. சொந்தக்காரனே சாவியோடு வரும்போது பூட்டு என்ன சொல்லும்?

ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கலாமே என்று அப்புறம் எல்லோரும் கேட்டார்கள். பிரதி எடுக்க அந்தக் கோப்புறையைத் திறக்க வேண்டும். திறந்தால் அவள் வைத்த பெயர்கள் வரும். "மூக்கு அடைத்த நாள்." "அந்தக் குழந்தையின் பெயரில் தடுமாறினேன்." சனிக்கிழமைக்குள் திறந்துவிடலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

சனிக்கிழமை அவளுடைய குசெஸா. துக்க வீட்டு முற்றத்தைப் பெருக்கித் துக்கத்தை முடித்து வைக்கும் சடங்கு. அன்றைக்கு உறவினர்கள் கூடி, யார் எங்கே இருப்பது என்று பேசி முடிப்பார்கள். எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் ஊருக்கு வந்து குடியிருப்பவன். பெண் போய்விட்டால் அவன் தன் ஊருக்குத் திரும்புவான். பிள்ளை, தாய்மாமன் வீட்டுப் பிள்ளை. என் மகள் யாங்கோவுக்கு மூன்றரை வயது. நான் ஞாயிற்றுக்கிழமை என் ஊரான ம்ச்சின்ஜிக்குக் கிளம்பிவிடுவேன், அவள் இங்கேயே இருப்பாள். அவளிடம் விட்டுவிட்டுப் போக என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அம்மாவின் குரல். மூன்றரை வயதில் கேட்ட குரல் எந்தப் பிள்ளைக்கும் தங்காது. பெரியவளானதும் போட்டுக் கேட்கட்டும் என்று இருந்தேன்.

"எதை அமுக்கின?" என்று கேட்டேன்.

ஸியோனே மண்டியிட்டாள். எங்கள் பெண்கள் மன்னிப்புக் கேட்கும் விதம் அதுதான். ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று மட்டும் அவளுக்குப் புரிந்திருந்தது, என்ன தப்பு என்று புரியவில்லை. கையிலிருந்த தாளை நீட்டினாள். அலினாஃபேயின் குசெஸா அறிவிப்பு. காலையில் நானே கொண்டுவந்து கொடுத்தது.

நிலையத்தின் அறிவிப்பு நோட்டில் இரண்டு தலைப்பு உண்டு. ஒன்று துக்கம், இன்னொன்று குசெஸாவைச் சுருக்கி செஸா. சடங்கு அறிவிப்புகளை அந்த இரண்டாவது தலைப்பின் கீழ்தான் எழுதுவோம். ஸியோனே மூன்று வாரமாக அந்த நோட்டைத்தான் பார்த்திருக்கிறாள். கணினி மெனுவிலும் செஸா என்று இருக்கவே, பழைய சடங்கு அறிவிப்புகள் எல்லாம் அதற்குள் இருக்கும் என்று நினைத்திருக்கிறாள்.

"அக்கா எப்படி வாசிப்பாங்கன்னு ஒரு தடவை கேட்டுட்டு, அதே மாதிரி அவங்களுக்கு வாசிக்கலாம்னு பார்த்தேன் அண்ணே."

நான் கேட்டேன், "அமுக்கினதும் அது உங்கிட்ட எதுவும் கேக்கலையா?"

"இல்லண்ணே. ஒண்ணுமே கேக்கல."

யாரைத் திட்டுவது?

மணி பதினொன்று ஐம்பத்திரண்டு.

தார் பூசாத பக்கங்கள் நூற்றுக்கு ஏழு. அதில் அவளுடைய பதிவுகள் சில இருக்கலாம். ஆனால் அந்தப் பக்கங்களுக்கு இப்போது சொந்தக்காரர் கிடையாது. கணினியைப் பொறுத்தவரை அவை வெற்றுக் காகிதம். புதிதாக என்ன பதிந்தாலும் அவற்றின் மேல் எழுதிவிடும். எங்கே எழுதும் என்று யாராலும் சொல்ல முடியாது. செய்ய வேண்டியது ஒன்றுதான். உடனே பிளக்கைப் பிடுங்க வேண்டும், தட்டைக் கழற்ற வேண்டும், வேறு கணினியில் மாட்டித் தேட வேண்டும். அதுவரை ஒரு எழுத்துகூட அதில் பதியக் கூடாது.

பிடுங்கினால் நிலையம் ஊமை. மேலாளர் மடிக்கணினியோடு வரும்வரை, சாயங்காலம் வரை, ஊமை.

குனிந்து பிளக்கைக் கையில் பிடித்தேன்.

"துக்கச் செய்தி அண்ணே?" என்றாள் ஸியோனே மெதுவாக. "இன்னிக்கு ஏழு இருக்கு."

"நாளைக்கு வாசி."

அவள் வாசல் பக்கம் பார்த்தாள். பெஞ்சில் இருந்த ஆள் எழுந்து கதவருகே வந்து நின்றிருந்தார். பெயர் ஃபெலிசியானோ. விடியற்காலையில் அவருடைய அம்மா இறந்துவிட்டாள். மூன்று மணிக்கு அடக்கம், பாதிரியார் அதற்கு மேல் இருக்க மாட்டார். தம்பிகள் இரண்டு பேர் எல்லைக்கு அந்தப் பக்கம் மொசாம்பிக் மலையில் கிழங்கு வயலில் வேலை பார்க்கிறார்கள். அங்கே போனுக்கு சிக்னல் இல்லை. ரேடியோ கேட்கும்.

"அவனுங்க பன்னெண்டு மணிக்குச் சாப்பிட உக்காருவானுங்க தம்பி. உக்காந்ததும் ரேடியோவைப் போடுவானுங்க. அப்பக் கேட்டாத்தான் மூணு மணிக்குள்ள மலை இறங்க முடியும்." கதவைப் பிடித்துக்கொண்டு, "வாசிச்சிடுவீங்கல்ல?" என்றார்.

அவர் என் கையிலிருந்த பிளக்கைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அது என்னவென்று தெரிந்திருக்காது.

எனக்குக் கல்யாணம் ஆன புதிதில் ஒரு நாள் நடந்தது. கணினிக்குப் புது மென்பொருள் ஏற்றிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு அடித்தும் முடியவில்லை. பத்து நிமிடம் பொறு என்றேன். அலினாஃபே மைக் முன்னால் தாள்களோடு உட்கார்ந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். "உன் பொட்டி தூங்கி எந்திரிக்கிற வரைக்கும் அங்க குழிய மூடாம வச்சிருப்பாங்களா?" என்றாள். ஊர்ப் பெண்கள் இரண்டு வாரம் அதைச் சொல்லியே என்னைக் கேலி செய்தார்கள். கம்ப்யூட்டர் மாப்பிள்ளை, பொட்டி எந்திரிச்சிடுச்சா?

ஆஸ்பத்திரியில் படுக்கும்வரை ஒரே ஒரு நாள்தான் அவள் பன்னிரண்டு மணியைத் தவற விட்டாள். அன்றைக்குத்தான் யாங்கோ பிறந்தாள்.

பிளக்கை விட்டுவிட்டேன்.

"மைக்கைப் போடு" என்றேன். "நிதானமா வாசி. பேரை ரெண்டு தடவை சொல்லணும்."

ஸியோனே உட்கார்ந்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. அதோடு பதிவும் தானாகத் தொடங்கியது. திரையின் மூலையில் நொடிகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொரு நொடியும் எங்கோ ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தது. எந்தப் பக்கம்?

ஃபெலிசியானோவின் அம்மாவை இரண்டாவதாக வாசித்தாள். அவர் வாசலில் நின்று, தன் அம்மா பெயரை இரண்டு தடவை கேட்டார். தொப்பியைப் போட்டுக்கொண்டு, தலையை லேசாக ஆட்டிவிட்டு, இறங்கிப் போனார். நான்காவது அறிவிப்பு வந்ததும் ஸியோனே என்னைத் திரும்பிப் பார்த்தாள். வாசி என்று கையைக் காட்டினேன். கப்பிரி கிராமத்தைச் சேர்ந்த அலினாஃபே. அலினாஃபே. அவருக்கான குசெஸா சனிக்கிழமை காலை.

நன்றாகவே வாசித்தாள். அலினாஃபே கேட்டிருந்தால், பரவாயில்லை, மூச்சை மட்டும் கவனி என்று சொல்லியிருப்பாள்.

பன்னிரண்டு இருபத்தாறுக்கு ஏழாவது அறிவிப்பு முடிந்தது. பிளக்கைப் பிடுங்கினேன்.

மேலாளர் அன்று சாயங்காலமே திரும்பினார். விஷயத்தைக் கேட்டவர் மடிக்கணினியை என் முன்னால் தள்ளி வைத்துவிட்டு, நிலையத்துக்குத் தன் வீட்டிலிருந்து இன்னொரு பழைய தட்டை எடுத்துவரப் போனார். தேடும் மென்பொருளை மெனுவில் திறந்தேன். நிர்வாகியாக ஓட்டு என்பதை அமுக்கினேன். சின்னப் பெட்டி வந்து கடவுச்சொல் கேட்டது. பெரிய எம் போட்டுத் தொடங்கி முழுசும் அடித்தேன். இங்கே கேட்கிறாயே என்று அதன் மேல்கூடக் கோபம் வந்தது.

வியாழன் முழுக்க ஓடியது, வெள்ளி மத்தியானம் வரை ஓடியது. கண்டெடுத்த கோப்புகள் என்று நீளமாக ஒரு பட்டியல் காட்டியது. ஒவ்வொன்றாகத் திறந்தேன். பாட்டு. சோள விலை. பென்சனின் கால்பந்து. மீதி எல்லாம் தார். தாருக்குச் சத்தம் கிடையாது. காதுப்பேசியை மாட்டிக்கொண்டு, பன்னிரண்டு நிமிடம், இருபது நிமிடம் என்று வெறும் மௌனத்தைக் கேட்டேன்.

நூற்று நாற்பதாவது கோப்பில் அவள் இருந்தாள்.

"ம்பெப்போ வானொலி. நேரம் பன்னிரண்டு மணி. துக்கச் செய்திகள். கேட்பவர்கள், கேட்காதவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். நம்மை விட்டுப் பிரிந்தவர்..." பிறகு தாளைப் புரட்டும் சத்தம். பிறகு ஒரு மூச்சு. மொத்தம் பதினொரு நொடி.

பன்னிரண்டாவது நொடியில் ஸியோனே. "...அலினாஃபே. அலினாஃபே. அவருக்கான குசெஸா..."

அத்தோடு அறுந்தது. மீதி நாலு நிமிடமும் தார்.

புதன்கிழமை மத்தியானம் ஸியோனே வாசித்தது போய் உட்கார்ந்த இடம் அதுதான். அலினாஃபே தாளைப் புரட்டிவிட்டு யாருடைய பெயரை வாசிக்க இருந்தாளோ, அந்தப் பெயரின் மேலேயே அவளுடைய பெயர் விழுந்திருந்தது. திரும்பத் திரும்பப் போட்டேன். எத்தனை தடவை என்று நினைவில்லை. மேலாளர் வந்து பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அன்றைக்கே நிலையத்துக் கணினியில் அந்த ஒரு வரியை எடுத்தேன். செஸா என்ற பெயரையும் மாற்றினேன். இனிமேல் அது "பழையதை அழி". அமுக்கினால் கேட்கும். ஸியோனேயிடம் கடவுச்சொல்லைச் சொன்னபோது, எனக்கு வேண்டாம் அண்ணே என்று இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். நிரம்பினா உங்களுக்குப் போன் பண்றேன், நீங்க எந்த ஊர்ல இருந்தாலும் பண்றேன் என்றாள். பண்ணு என்றேன்.

சனிக்கிழமை விடிவதற்கு முன்பே பெண்கள் முற்றத்தைப் பெருக்கத் தொடங்கினார்கள். அடுப்புச் சாம்பல், சோளச் சக்கை, ஐந்து வாரமாக வந்து போனவர்களின் காலடி எல்லாம் வேலி ஓரம் போனது. சிரிப்பும் இருந்தது. யாரோ என்னைப் பார்த்து, மாப்ள உன் பொட்டிய விடச் சுத்தமாப் பெருக்குவோம் என்றாள். நடந்தது அவளுக்குத் தெரியாது. நானும் சிரித்தேன்.

கஞ்சி குடித்த பிறகு தாய்மாமன் சிட்டோலோ எழுந்து பேசினார். மருமகனிடம் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, எங்கள் பெண்ணைக் கடைசி வரை பார்த்துக்கொண்டார், இனி அவர் தன் ஊருக்குப் போகலாம், பிள்ளை எங்களோடு இருக்கும், பார்க்க எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றார். கல்யாணமாகி நான் வந்தபோது கொண்டுவந்த கோடரியையும் பாயையும் என் முன்னால் வைத்தார்கள். நல்ல மனிதர்கள். பாயைப் புதிதாகத் துவைத்து வைத்திருந்தார்கள்.

மத்தியானம் யாங்கோவைத் தூக்கிக்கொண்டு மாமரத்தடிக்குப் போனேன். போனில் அந்தக் கோப்பை அப்படியே ஏற்றி வைத்திருந்தேன். காதுப்பேசி அவள் தலைக்குப் பெரியது, இரண்டு பக்கமும் நான் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. போட்டேன். அவள் தரையைப் பார்த்தபடி கேட்டாள். ஒரு எறும்பு காலில் ஏறியது, தட்டிவிட்டாள். கடைசியில் முகம் மலர்ந்தது.

"ஸியோனே அத்தை" என்றாள்.

தினமும் பன்னிரண்டு மணிக்கு ரேடியோவில் கேட்கிற குரல். தெரியாமல் இருக்குமா?

"அதுக்கு முன்னாடி ஒருத்தங்க பேசினாங்களே, அது யாருடா?"

யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். பிறகு காதுப்பேசியைத் தன் சின்னக் கைகளால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். போனில் ஸியோனே பேசி முடித்து, தார் ஓடிக்கொண்டிருந்தது. முதலிலிருந்து போட வேண்டும். என் விரல் உடனே நகரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பெண்கள் கடைசிக் குப்பையைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

யாங்கோ ரொம்ப நேரம் காத்திருந்தாள். பிறகு கண்ணைத் திறந்தாள்.

"அப்பா," என்றாள், "ஒண்ணுமே கேக்கல."